பனியன் பெட்டியில் இருந்த நாடு

நான் கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். அதற்கு முன் மடத்துக்குளத்துப் பக்கம் ஒரு வாய்க்கால் கரைத் தோட்டத்தில் இருந்தேன். அங்கே வாசலில் நின்று பார்த்தால் கரும்பும் நெல்லும் மலையும் தெரியும். சாயங்காலம் யாரையாவது தேட வேண்டுமென்றால் அம்மா வரப்பில் ஏறி நின்று கூப்பிடுவாள், அவ்வளவுதான். கதவைச் சாத்துவது என்பதே எங்கள் தோட்டத்தில் மழைக்கும் நாய்க்கும்தான்.

மாமனார் வீட்டில் கதவுகளுக்குக் குறைவில்லை. வீட்டுக்கு முன்னால் தெருவைப் பார்த்த அறை ஆபீஸ். நூல் ஏஜென்டுகளும் வெளியூர் வியாபாரிகளும் வந்து உட்காரும் இடம், அங்கே பெண்கள் தலை காட்டக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் பனியன் கம்பெனி. ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை, அதில் நிட்டிங் மிஷின்கள், கட்டிங் மேசை, தையல் மிஷின்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஆண்கள், அதனால் அங்கேயும் போகக் கூடாது. மொட்டை மாடிக்கு ஏறினால் கம்பெனி ஆட்கள் டீ குடிக்கும் இடம் தெரியும். அதாவது அவர்களுக்கு நாங்கள் தெரிவோம். அதுவும் கூடாது. மிச்சம் இருந்தது சமையலறை, கூடம், படுக்கிற அறைகள், பிறகு பேக்கிங் ரூம்.

பேக்கிங் ரூமுக்கு ஜன்னல் இருந்தது. கம்பெனிப் பக்கம் பார்த்த ஜன்னல் என்பதால் அதை எப்போதும் சாத்தித் தாழ் போட்டிருப்பார்கள். தைத்து முடித்த பனியன்கள் கூடை கூடையாக ஒரு சின்னக் கதவு வழியே உள்ளே வரும். மடித்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியின் மேல் லேபிள் ஒட்டி வைப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் என் நங்கையாவும். கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவளுக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவள். மாப்பிள்ளை இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டார். இவள் ஒரு தகரப் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளை எந்த விசேஷத்துக்கும் கூட்டிப்போவதில்லை. கல்யாணத்துக்கு வந்தால் அபசகுனமாம். கோயிலுக்குப் போனால் நாலு பேர் விசாரிப்பார்களாம். நானாவது தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்குப் போய் வந்தேன். அவளுக்குப் போக இன்னொரு வீடு இல்லை.

அந்த ரூமில் முதல் சில மாதம் நான் தினமும் அழுதேன். கூடையில் இருக்கிற வெள்ளைப் பனியன் மேலேயே கண்ணீர் விழும். நங்கையா பார்த்தும் பார்க்காதது மாதிரி மடித்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் மட்டும், “கறை பட்டா எங்கப்பா கேப்பாரு கண்ணு, அக்கட்டால திரும்பி அழு” என்றாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அக்கட்டால என்றால் எங்கள் பேச்சில் அந்தப் பக்கம். அந்த வார்த்தைதான் பிறகு நாங்கள் இருவரும் போன ஊருக்குப் பெயராகிவிட்டது.

பெட்டி மேல் ஒட்டுகிற லேபிளில் ஒரு படம் இருக்கும். பனி மூடிய மலை, அதன் கீழே நீல ஏரி, ஏரியில் ஒரு படகு, படகில் தொப்பி போட்ட ஒருவர். கரையில் சிவப்பு ஓட்டு வீடுகளும் ஒரு கோபுரமும். யாரோ அச்சகத்து ஓவியர் எங்கேயோ பார்த்து வரைந்தது. பனியனுக்கும் பனி மலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. நாள் முழுக்க அந்தப் படத்தின் பின்பக்கம் மைதாப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தோம்.

“இது எந்த ஊருங்க நங்கையா?” என்று ஒரு மத்தியானம் கேட்டேன்.

“ஏன், உனக்குத் தெரியாதா? போன வாரந்தானே போயிட்டு வந்தேன்.”

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. நான் ஒரு நிமிஷம் குழம்பி, “எப்படிங்க இருந்துச்சு?” என்றேன்.

“குளுரு. கம்பளி இல்லாம போகக் கூடாது. நீயும் வர்றயா?”

“வர்றனுங்க.”

“அப்ப எந்திரிச்சுக் கெளம்பு. மொதல்ல டிக்கெட் எடுக்கோணும்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. நான் நேராக ஏரிக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், வண்டி தாமதமாக வர வேண்டும், உட்கார இடம் பிடிக்க வேண்டும். அன்றைக்கு ஒரு கூடை பனியன் முழுதும் தீர்ந்தும் நாங்கள் ரயிலை விட்டு இறங்கவில்லை. மறுநாள்தான் ஊர் வந்தது. ஜன்னல் ஓரம் நான், எதிரில் அவள். “கையை வெளிய நீட்டாத” என்று அதட்டினாள். நான் நிஜமாகவே கையை இழுத்துக்கொண்டேன்.

அவளுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் இடம்தான் பார்க்கலாம். இன்றைக்குக் கோபுரம் என்றால் கோபுரம் மட்டும். அதன் படிகளை நடுவில் நின்று மூச்சு வாங்கி ஏறுவோம். மேலே போனால் ஊர் முழுக்கத் தெரியும், இறங்கச் சொல்லி யாரும் கத்த மாட்டார்கள். கடைத்தெருவில் டீக்கடை உண்டு, வெளியே பெஞ்சு போட்டிருக்கும், பெண்கள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு டீ குடிக்கலாம். எனக்குத் தெரிந்ததை நான் சேர்க்கப் பார்ப்பேன். “இங்க ஒரு வாய்க்கா போகுதுங்க, கரையில தென்னை மரமுங்க” என்பேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிடுவாள்.

“அது உங்கூரு. நாம சுத்திப் பாக்க வந்திருக்கறோம் கண்ணு, அம்மா ஊட்டுக்கு வரல.”

சாப்பாட்டில் சண்டை வரும். அந்த நாட்டில் அரிசி கிடையாது, ரொட்டிதான் என்று அவள் முடிவு செய்திருந்தாள். எனக்கு ரசஞ்சோறு இல்லாமல் முடியாது. ஒரு தடவை அந்த ஊர் ரொட்டி ஒத்துக்கொள்ளாமல் அவளுக்கு வயிறு கெட்டுவிட்டது. பொய் வயிற்றுவலிக்காக நாங்கள் ஒருநாள் முழுக்க லாட்ஜிலேயே தங்கினோம்.

லாட்ஜ் என்றால் அவள் முதலில் கேட்பது சாவியை. மேனேஜர் சாவியைக் கொடுத்தால் அதை என்னிடம் தரமாட்டாள், தானே இடுப்பில் செருகிக்கொள்வாள். செருகுகிற மாதிரி கையைக் கொண்டுபோவாள். ஒருநாள் விளையாட்டாக, “சாவி என்கிட்ட இருக்கட்டுங்க” என்றேன். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“கல்யாணமாகி மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போனாரு” என்றாள். “ஊரு பாக்கறதுக்குன்னு சொல்லித்தான் போனோம். லாட்ஜுல ரூம் எடுத்தாரு. காலைல எந்திரிச்சு, வேலை இருக்குது, பத்திரமா இருன்னு வெளிய பூட்டிட்டுப் போயிட்டாரு. பொழுது சாஞ்சுதான் வந்தாரு. தெனமும் அப்படித்தான். ஜன்னலைத் தொறந்தா எதிர்ல செவுரு. அதுல காக்கா ஒண்ணு உக்காரும். நான் மெட்ராசுல பாத்தது அதுதான்.”

அவள் மறுபடி பனியனை எடுத்தாள். “சரி, வா. ஏரிக்குப் போலாம், படகுக்காரரு காத்துட்டு இருப்பாரு” என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த நாட்டில் சுற்றினோம். மிஷின் சத்தத்தில் நாங்கள் பேசுவது வெளியே கேட்காது என்ற தைரியம். ஆனால் மின்வெட்டு வந்தால் மிஷின்கள் நின்றுவிடும். அப்போது வீடு முழுக்க அமைதியாகிவிடும், அது எங்களுக்கு உறைக்கவில்லை. அப்படி ஒரு வேளையில் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

“விடியறதுக்கு முன்னாடி வண்டிங்க. அத்தை எந்திரிக்கறதுக்குள்ள போயிரோணும்.”

அதற்கு நங்கையா சொன்னது: “பையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். படகுக்காரரு கரைக்கே வந்துருவாரு.”

மாமியார் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் சாப்பிடப் போனபோது பேக்கிங் ரூமைத் துழாவியிருக்கிறார். நூல் மூட்டைக்குப் பின்னால் ஒரு துணிப்பை கிடைத்தது. அதில் ஒரு சேலை, ஒரு துண்டு, சீப்பு, தேங்காய் எண்ணெய்ச் சீசா, எனக்கு ஒரு கம்பளி. பை நிஜமான பை. கையில் மூட்டை இல்லாமல் எப்படி ஊருக்குப் போவது என்று நங்கையா எப்போதோ கட்டி வைத்தது.

அன்று சாயங்காலம் மாமனார் ஆபீஸ் ரூமை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். என் கணவரும் கொழுந்தனாரும் சுவரோரம் நின்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் தூணோரம். பை நடுவில் இருந்தது.

“எங்க கெளம்பறதா இருந்தீங்க?” என்றார் மாமனார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“எங்கயும் இல்லீங்க மாமா” என்றேன்.

“அக்கட்டாலைக்குங்கப்பா” என்றாள் நங்கையா.

“அக்கட்டாலன்னா? பல்லடமா? ஈரோடா?”

“அப்படி ஒரு ஊரு இல்லீங்கப்பா. நாங்களா வெச்சுகிட்டது.”

“இல்லாத ஊருக்கு எதுக்குப் பை?”

மாமியார் முன்னால் வந்தார். “அந்தப் படகுக்காரன் ஆரு? அதக் கேளுங்க மொதல்ல!” என்று கத்தினார். கொழுந்தனார் என்னை முறைத்தார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேக்கிங் ரூமுக்கு ஓடி ஒரு பெட்டியை எடுத்து வந்து மாமனார் முன்னால் வைத்தேன்.

“இவருதானுங்க மாமா” என்று லேபிளைக் காட்டினேன்.

மாமனார் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். தன் கம்பெனி லேபிளை அதற்கு முன் அவர் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். பிறகு அது கொழுந்தனாரிடம் போனது, அவரிடமிருந்து என் கணவரிடம். விரல் நகம் அளவுக்கு இருக்கிற தொப்பிக்காரரை மூன்று ஆண்களும் உற்று உற்றுப் பார்த்தார்கள். கொழுந்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

“ஓடிப் போறதா இருந்தாக்கூட அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குது” என்றார் மாமனார். “இது என்னன்னு நான் வெளிய சொல்றது?”

அவர்கள் எங்களை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பினார்கள். அதுதான் அவர்களை அதிகமாகப் பயமுறுத்தியது. மறுநாளே பூசாரி வந்து எங்கள் இருவருக்கும் கயிறு கட்டினார். நங்கையாவைப் பேக்கிங் ரூம் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிச் சமையல் கட்டோடு நிறுத்தினார்கள். எனக்குத் துணையாக மாமியாரே வந்து உட்கார்ந்தார். புறக்கடைக் கதவுக்கும் மாடிக் கதவுக்கும் புதிதாகப் பூட்டு வந்தது. பழைய லேபிள் தீர்ந்ததும் பெட்டி மேல் மயில் படம் வந்தது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு நானும் அவளும் பேச முடியாமல் கிடந்தோம். பரிமாறும்போது பார்த்துக்கொள்வோம். “இன்னொரு கரண்டி போடட்டுமா கண்ணு?” என்பாள். “போதுமுங்க நங்கையா” என்பேன். அதற்கு மேல் பேச்சு நீண்டால் மாமியார் கூப்பிட்டுவிடுவார். நான் தனியாக ரயிலேற முயன்று பார்த்தேன். ஸ்டேஷன் வரைக்கும் போவேன், வரிசையில் நிற்பேன், முன்னால் அவள் இல்லையென்று தோன்றியதும் எல்லாம் கலைந்து கையில் வெறும் பனியன்தான் இருக்கும். அவள் அங்கே போகிறாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. முகத்தைப் பார்த்தால் போவது மாதிரித் தெரியவில்லை. அவள் இளைத்துக்கொண்டே வந்தாள்.

எனக்கு நாள் தள்ளிப்போனது. வீட்டில் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் என் கணவர் அவருடைய அப்பாவிடம், “ஒரு நாளைக்கு ஊட்ல எல்லாரும் ஒட்டுக்கா எங்காச்சும் போயிட்டு வரலாமுங்கப்பா” என்று கேட்டார். அவர் அப்பாவிடம் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்காகக் கேட்டாரா அக்காவுக்காகக் கேட்டாரா என்று தெரியாது. இரண்டு பேருக்கும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். மின்வெட்டில் கம்பெனி முழு நாளும் நிற்கிற ஒரு நாளில் வாடகை வேன் பேசி அமராவதி அணைக்குப் புறப்பட்டோம்.

வேனில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. நான் அதை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உடுமலைப்பேட்டையில் கிழக்கே திரும்பினால் எங்கள் ஊர். போகிற வழியில் ஒரு எட்டு அம்மாவைப் பார்க்கலாம் என்று மனசுக்குள் நினைத்திருந்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. வேன் தெற்கே திரும்பியது. பக்கத்தில் இருந்த நங்கையா என் முழங்கையை அழுத்தினாள். ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

அணையடியில் ஒரு மரத்து நிழலில் மாமியார் ஜமுக்காளம் விரித்தார். எதிரே கல்லால் கட்டிய அணைச் சுவர் உயரமாக நின்றது. தண்ணீர் அதற்கு அந்தப் பக்கம். பார்க்க வேண்டுமென்றால் படியேற வேண்டும். ஆண்கள் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். “முழுசா ரொம்பியிருக்குது, கடல் மாதிரி” என்றார் கொழுந்தனார்.

“நாங்களும் போயிட்டு வர்றமுங்களே” என்றேன் மாமியாரிடம்.

“மாசமா இருக்கறவ படி ஏறலாமா? கூட்டம் வேற. அவிங்கதான் பாத்துட்டு வந்து சொன்னாங்கல்ல” என்று அவர் புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்.

அணைக்கு வந்து அணைச் சுவரைப் பார்த்தபடி நாங்கள் சாப்பிட்டோம். பேக்கிங் ரூமில் உட்கார்ந்திருந்தது போலவே இருந்தது, மேலே ஓடு இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். நங்கையா சாப்பிட்டு முடித்து, கை கழுவிட்டு வர்றேன் என்று எழுந்து போனாள். குழாய் பக்கத்தில்தான் இருந்தது. சிறிது நேரம் ஆயிற்று. மாமியார் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

முதலில் பார்த்தது நான்தான். அணையின் உச்சியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, அவளுடைய ஊதாச் சேலை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் லேபிளில் இருக்கிற ஆள் அளவுக்குத்தான் இருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மாமியார் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

“ஐயோ, என்ற புள்ள!” என்று அலறினார். “உளுகப் போறா! புடிங்க!”

மாமனார் சோற்றுக் கையோடு ஓடினார். செருப்புகூடப் போடவில்லை. என் கணவரும் கொழுந்தனாரும் அவரைத் தாண்டிப் படிகளில் தாவினார்கள். மாமனார் பாதிக்கு மேல் ஏற முடியாமல் படியிலேயே உட்கார்ந்து, அங்கிருந்தபடியே அவளைக் கூப்பிட்டார். எந்தப் பெயரும் சொல்லாமல், குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி “சாமி... சாமி...” என்று கூப்பிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்ட மனுஷர் ஊரே பார்க்க அழுதார்.

எனக்குப் பயம் வரவில்லை. எல்லாரும் நினைத்தது எனக்குத் தோன்றவேயில்லை. அவள் குதிக்கப் போகவில்லை, பார்க்கப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வந்தது பொறாமை. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று.

என் கணவர் பிறகு சொன்னார். அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். பக்கத்தில் யாரோ குடும்பத்தோடு வந்தவர்கள் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்த தம்பியைப் பார்த்து, “இங்க நின்னு பாரு தம்பி, இங்கிருந்துதான் மலை நல்லாத் தெரியுது” என்றாளாம். அவரும் பார்த்தாராம். இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

பாதிப் படியில் மாமனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னக் குழந்தையைக் கூட்டி வருவது மாதிரி வேன் வரைக்கும் விடாமல் கூட்டி வந்தார். உடுமலை தாண்டியதும் மாமனார் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

“ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போயிருக்கலாமல்ல?”

“சொன்னா உட்டிருப்பீங்களாங்கப்பா?” என்றாள் நங்கையா.

மாமியார் மூக்கைச் சிந்தினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவளைச் சமையலறையில் பிடித்துக்கொண்டேன். அன்று யாரும் எங்களைத் தடுக்கவில்லை. “என்னைய ஏனுங்க கூட்டிட்டுப் போகல?” என்றேன்.

“வவுத்துல புள்ளையோட உன்னைய எப்படிக் கண்ணு ஏத்தறது?” என்றாள். “அங்க ஒண்ணும் பெருசா இல்ல. தண்ணிதான். ஆனா தண்ணி எங்க முடியுதுன்னே தெரியல.”



அதற்கு அடுத்த வருஷம் எங்கள் வீதியில் வயதான பெண்கள் சேர்ந்து ராமேசுவரம் போகப் பஸ் பேசினார்கள், மண்டபம் வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். நங்கையா தானும் போவதாகச் சொன்னாள். மாமியார் முடியாது என்றார். மாமனார், “போயிட்டு வரட்டும்” என்றார். அணைப் படியில் உட்கார்ந்ததற்குப் பிறகு அவர் அவளிடம் எதற்கும் இல்லையென்று சொன்னதில்லை. அவள் போனாள். திரும்பி வரும்போது அவள்தான் அந்தப் பஸ்ஸுக்குப் பொறுப்பாகிவிட்டிருந்தாள். யாருக்கு மாத்திரை, யாருக்கு ஜன்னலோரம், எங்கே பஸ்ஸை நிறுத்த வேண்டும், எல்லாம் அவளைத்தான் கேட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அவளே பஸ் பேசினாள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஊதினால் எங்கே நின்றாலும் எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும். அனுப்பர்பாளையத்திலிருந்தெல்லாம் பெண்கள் வந்து அவளிடம் இடம் கேட்டுப் போவார்கள். விசேஷத்துக்கு அழைக்க மறந்த உறவுக்காரர்களும் வந்தார்கள்.

எனக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள். பிறகு மாமியாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவரைக் குளிப்பாட்ட, ஊட்ட, திருப்பிப் படுக்க வைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. நங்கையா ஊட்டினால் அவர் சாப்பிட மாட்டார். வாயை இறுக்கிக்கொள்வார். நான்தான் வேண்டும். ஏழெட்டு வருஷம் அப்படிப் போயிற்று. பூட்டெல்லாம் எப்போதோ எடுத்தாகிவிட்டது. புறக்கடைக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். நான் அந்த அறையை விட்டு நகர முடியாமல் கிடந்தேன்.

ஒவ்வொரு பயணம் முடிந்து வந்ததும் நங்கையா நேரே என்னிடம் வருவாள். மாமியார் கட்டிலோரம் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லுவாள். மதுரையில் இது, தஞ்சாவூரில் அது, பிரகாரம் எவ்வளவு நீளம், தண்ணீர் எப்படி உப்புக் கரித்தது. எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. அக்கட்டாலைக்கு நான் போவதை எந்தப் பூட்டும் நிறுத்த முடியாது என்று நினைத்திருந்தேன். ராமேசுவரம் அப்படியில்லை. அது நிஜமாக இருக்கிறது, எங்கள் வீதியிலிருந்தே பஸ் புறப்படுகிறது, நான் மட்டும் போகவில்லை.

ஒருநாள் பொறுக்காமல், “நாம முன்ன போவமே, அந்த ஊரைப் பத்திச் சொல்லுங்க” என்றேன்.

அவள் யோசித்தாள். “எந்த ஊரு?” என்றாள். பிறகு நினைவு வந்து, “அட, அதையா? அதெல்லாம் சும்மா பேசிட்டு இருந்தது கண்ணு” என்று சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை. ஆனால் அன்று நான் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டும்போது போர்வையில் சிந்திவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் மாமியார் தவறினார். கருமாதி முடிந்து சில மாதம் கழித்து நங்கையா என்னிடம் வந்து, “கன்னியாகுமரிக்குப் பஸ் போகுது. உனக்கு முன்சீட்டுப் போட்டிருக்கறேன்” என்றாள். கேள்வி இல்லை, தீர்ப்பு. என் கணவர், “போயிட்டு வா, நான் குழந்தைகளைப் பாத்துக்கறேன்” என்றார். நான் துணி எடுத்து வைத்தேன். பஸ் ஏறினேன். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தேன்.

திருநெல்வேலி தாண்டும் வரைக்கும் என் மனசு வீட்டிலேயே இருந்தது. பால் காய்ச்சினார்களா, தண்ணீர்த் தொட்டிக் குழாயை மூடினேனா, கட்டில் போர்வையை வெயிலில் போட்டேனா. கட்டிலில் இப்போது யாருமில்லை என்று நினைவு வரச் சிறிது நேரம் ஆகும். மறுபடியும் போர்வை ஞாபகம் வரும். பஸ்ஸில் எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நங்கையா அடிக்கடி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

காலையில் கடற்கரையில் எல்லாரும் சூரியன் வருவதைப் பார்க்க நின்றார்கள். பார்த்தோம். கும்பிட்டோம். பிறகு நங்கையா, “விசில் ஊதற வரைக்கும் அவங்கவங்க சுத்திப் பாருங்க” என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் கிளிஞ்சல் கடைப் பக்கம் போனார்கள். நான் ஈர மணலில் தனியாக நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் யாராவது கூப்பிடுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தேன். மறுபடி திரும்பினேன். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு பாசிமணி பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். மேலே போகவும் தோன்றவில்லை, திரும்பவும் தோன்றவில்லை. அலை வந்து சேலைக் கரையை நனைத்துக்கொண்டிருந்தது, நான் அங்கேயே நின்றிருந்தேன்.

விசில் கேட்டதும் ஓடினேன். மற்றவர்கள் கடையிலிருந்து மெதுவாகத்தான் வந்தார்கள். பஸ்ஸில் முதலில் ஏறி உட்கார்ந்தது நான்தான்.